உப்புக்காற்றில் ஓடும் பழைய எஃப்ஐ வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் சாலையோரமாக இருசக்கர வண்டிப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது கார்புரேட்டர் போய், பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) வந்தது; அன்று புதிதாக இறங்கிய வண்டிகள் இன்று இரண்டு மூன்று கை மாறி என் வாசலுக்கு வருகின்றன. வாங்கியவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"எஃப்ஐ வண்டிய ஸ்டார்ட் பண்றதுல அப்படி என்ன வித்தியாசம்? எல்லாம் ஒரே வண்டிதானே?"

கார்புரேட்டரில் இன்ஜின் இழுக்கும் காற்று தன்னோடு பெட்ரோலையும் உறிஞ்சிக்கொண்டு போகும். எஃப்ஐ வண்டியில் டாங்கிக்குள் மூழ்கியிருக்கும் ஒரு மின்பம்ப், பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. காற்றின் அழுத்தம், இன்ஜினின் சூடு, ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, கிராங்க் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சென்சார்கள் சொல்வதை வைத்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி நொடி திறந்திருக்க வேண்டும் என்பதை ஈசியூ என்ற சிறு கணினிப் பெட்டி முடிவு செய்கிறது.

ஆகவே இந்த வண்டியில் பெட்ரோல் வருவதே கரண்டை நம்பித்தான். சோக் கிடையாது, ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரை முறுக்கவும் தேவையில்லை. பழைய வண்டியில் கைக்குப் பழகிய அந்த முறுக்கு, இங்கே ஈசியூவின் கணக்கைக் கெடுக்கத்தான் உதவும்.

"சாவி போட்டதும் டாங்கிக்குள்ள 'ஙொய்'னு ஒரு சத்தம் கேட்குது. கோளாறா?"

இல்லை. பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி, குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கும் சத்தம் அது. அது நின்ற பிறகு செல்ஃப் பொத்தானை அழுத்துங்கள். சத்தம் கேட்காத நாளில்தான் கவலைப்பட வேண்டும்.

"செல்ஃப் அடிச்சா இன்ஜின் சுத்துது, ஆனா பிடிக்க மாட்டேங்குது. முதல்ல எதைப் பார்க்கணும்?"

வெட்கப்படாமல் எளியவற்றிலிருந்து தொடங்குங்கள். கில் சுவிட்ச் (ஹேண்டில்பாரில் இன்ஜினை அணைக்கும் பொத்தான்) சரியான பக்கம் இருக்கிறதா, டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா, சைடு ஸ்டாண்டு முழுவதும் மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சைடு ஸ்டாண்டின் அடியில் உள்ள சிறு சுவிட்சில் தனுஷ்கோடி மணல் அடைத்துக்கொண்டு, ஸ்டாண்டு இறங்கியே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலே அது தீர்ந்துவிடும். வண்டி கீழே சாய்ந்து எழுந்திருந்தால், சாய்வு சென்சார் பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்தி வைத்திருக்கும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், மேலே சொன்ன பம்ப் சத்தத்தைக் காது வைத்துக் கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் ஃபியூஸ், பம்ப் ரிலே, பம்பின் கப்ளர் (வயர் இணைப்பு) என்ற வரிசையில் பாருங்கள். சத்தம் உண்டு, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை அல்லது பலவீனம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வழி தெளிந்துவிடும்.

"பேட்டரி இறங்கிட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்ல?"

பேட்டரி சற்று இளைத்திருந்தால் முடியலாம். முற்றிலும் செத்திருந்தால் பம்பும் ஈசியூவும் விழிக்காது. பாம்பன் பாலத்தின் மேட்டிலிருந்து உருட்டிவிட்டாலும் வண்டி பிடிக்காது. கிக்கர் உள்ள சில எஃப்ஐ வண்டிகள் மட்டும் இதற்கு விலக்கு.

காரின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்வதானால் காரின் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் முனையைக் கழற்றிப் பார்ப்பது பழைய பட்டறைப் பழக்கம். எஃப்ஐ வண்டியில் அதைச் செய்தால் ஈசியூவுக்கே ஆபத்து.

"பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன் அண்ணே. ஆனாலும் காலையில 'டக் டக்'னு மட்டும் சத்தம் வருது, செல்ஃப் சுத்தல."

இந்தக் கரையில் என்னிடம் வரும் வண்டிகளில் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறைத்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் காற்றில் உப்பு வந்துகொண்டே இருக்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, செம்பு வயரிலும் பித்தளை முனையிலும் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. இரும்பு போல்ட்டில் துருவாக ஏறுகிறது. களிம்பும் துருவும் கரண்டைச் சரியாகக் கடத்தாது. சிறு விளக்குக்குத் தேவையான கரண்டு எப்படியோ போய்விடும். செல்ஃப் மோட்டார் கேட்கும் பெரிய கரண்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் லைட்டும் ஹாரனும் நன்றாக இருக்க, செல்ஃப் மட்டும் 'டக்' என்று நிற்கிறது.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு, 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளந்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்.

இனி எர்த் சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் உடம்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கிய பின் மேலே வாசலினோ கிரீஸோ பூசுங்கள். நான் சொல்வதை நம்பாத ஒருவரின் வண்டியில் இந்தப் போல்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். வாஷருக்கும் வயர் வளையத்துக்கும் நடுவே பச்சைப் பொடி, கோயில் விளக்கடியில் படிந்திருப்பதைப் போலக் கெட்டியாக அப்பியிருந்தது. அதற்குள் அவர் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார்.

"சபுராளி (வெளிநாடு போனவர்) வண்டி, ஒரு வருஷம் ஓடாம நின்னுச்சு. பேட்டரி மாத்தியும் ஸ்டார்ட் ஆகல. ஏன்?"

பெட்ரோல் கெட்டிருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தைக் குடிக்கும் குணமுடையது. ஓரளவுக்குத் தண்ணீர் சேரும் வரை கலந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான் என்பதால், இன்ஜினுக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்க் கலவை.

பெரியபட்டினத்திலிருந்து வந்த அப்படிப்பட்ட ஒரு வண்டியின் பெட்ரோலை, நிறம் பார்ப்பதற்காக இரண்டு லிட்டர் காலித் தண்ணீர் பாட்டிலில் இறக்கி, நிழலில் ஓரிரவு வைத்தேன். காலையில் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வேறொரு அடுக்கு தனியாக நின்றது. நடுவில் கோடு போட்டது போல எல்லை தெரிந்தது. பாட்டிலை ஆட்டினால் கலங்கிவிட்டு மீண்டும் பிரிந்தது. உங்கள் வண்டியிலும் இதைச் செய்து பார்க்கலாம். அடுப்பும் பீடியும் அருகில் இருக்கக் கூடாது.

அப்படிப் பிரிந்திருந்தால் மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க நினைக்க வேண்டாம். டாங்கியை முழுவதும் காலி செய்து, உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, பம்பின் அடியில் உள்ள வலையைச் சுத்தம் செய்து, பிறகு புதியதை ஊற்றுங்கள். பிசின் பிடித்த இன்ஜெக்டரைக் கருவியில் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஊசி விட்டுக் குத்தினால் துளையின் அளவு மாறி இன்ஜெக்டர் வீணாகும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகளின் ரப்பர் குழாய்கள் இவ்வளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், குழாய் ஊதியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

"ஊர்ல பங்க் தூரம். கடையில பாட்டில்ல விக்கிற பெட்ரோல் போட்டா என்ன?"

அவசரத்துக்கு அரை லிட்டர் போட்டுப் பங்க் வரை போகலாம், வழக்கமாக்க வேண்டாம். வள்ளத்து இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் புழங்கும் ஊர்களில் பாட்டிலும் புனலும் பொதுவாக இருப்பதால், கெட்ட எண்ணம் இல்லாமலேயே கலப்படம் நேர்ந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜின் தட்டும், பிளக் கருகும், சைலன்சரில் உள்ள ஆக்சிஜன் சென்சாரும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் நாளடைவில் கெடும். ஒரு துளியைத் தாளில் விட்டுப் பாருங்கள்; பெட்ரோல் சீக்கிரம் பறந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாகத் தங்கும்.

"ஆக்சிலேட்டர விட்டா வண்டி ஆஃப் ஆகுது. இல்லாட்டி ஐடில் தானா ஏறி ஏறி இறங்குது."

பெரும்பாலும், இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, அதிலுள்ள பட்டாம்பூச்சித் தகடு ஏறத்தாழ மூடியே இருப்பதால், அதன் ஓரத்தில் படியும் மெல்லிய கரி கூடக் காற்றின் அளவை மாற்றிவிடும். த்ராட்டில் பாடிக்கென விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்து மெதுவாகத் துடைக்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. ஐடில் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு இருக்கும் வண்டிகளில் அதையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு சில வண்டிகளுக்கு ஐடிலைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் முறை உண்டு. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தின்படியே செய்யுங்கள்.

கார்புரேட்டர் நினைவில் த்ராட்டில் பாடியில் தெரியும் திருகைத் திருகி ஐடிலை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயின்ட் வைத்து மூடிய அந்தத் திருகு தொழிற்சாலையில் வைத்த அளவு. அதைத் தொட்டால் நோய் மறைந்து வேறு நோய் வரும். கரி இல்லாமலும் ஐடில் ஆடினால், த்ராட்டில் பாடியையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று திருட்டுத்தனமாகப் போகிறதா என்று பாருங்கள்.

"முக்கால் மணி நேரம் நல்லா ஓடுது. அப்புறம் தானா அணையுது. அரை மணி நேரம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு."

சூட்டில் மட்டும் வரும் கோளாறு இது. அணைந்தவுடன், ஆற விடாமல், மூன்றைப் பாருங்கள். முதலில் டாங்கி மூடியைத் திறங்கள்: 'புஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளையோ ஆவிக்குழாயோ அடைத்திருக்கிறது. அடுத்து, சாவியை அணைத்துப் போட்டுப் பம்ப் சத்தத்தைக் கேளுங்கள்: காலையில் கேட்டது இப்போது இல்லையென்றால் பம்ப் சூட்டில் மடங்குகிறது. பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். எப்போதும் சொட்டுக்கணக்கில் ஊற்றி ஓட்டப்பட்ட வண்டியில் பம்ப் சீக்கிரம் களைப்பது அதனால்தான். மூன்றாவது, பம்ப் சத்தம் உண்டு ஆனால் பிளக்கில் பொறி இல்லை என்றால், நாங்கள் பல்சர் காயில் என்று அழைக்கும் கிராங்க் சென்சாரையும் இக்னிஷன் காயிலையும் சூட்டோடு சூடாக அளக்க வேண்டும். ஆறியபின் அளந்தால் இரண்டும் நல்ல பிள்ளையாகவே காட்டும்.

"அறுபதுக்கு மேல போனா இழுவை இல்ல, வெட்டி வெட்டிப் போகுது."

முதலில் செயினைப் பாருங்கள். உப்பும் மணலும் சேர்ந்து சில கண்ணிகள் இறுகியும் சில தளர்ந்தும் போயிருந்தால், இன்ஜின் வெட்டுவது போலவே உணர்த்தும். அது சரியென்றால் காற்று வடிகட்டி. எண்ணெய் ஊறிய காகித வடிகட்டியைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது வீண் வேலை, மாற்றத்தான் வேண்டும். பிறகு பிளக், பம்பின் வலை, கடைசியாகப் பெட்ரோல் அழுத்தம். அழுத்த அளவி இல்லாத இடத்தில் பம்பை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சோதித்து ஓட்டுவதைப் பாம்பன் பாலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டுக் காற்று எந்த வண்டியையும் இழுவை இல்லாததாகக் காட்டும்.

"ஐப்பசி மழையில தண்ணிக்குள்ள ஓட்டினேன், நின்னு போச்சு."

மீண்டும் மீண்டும் செல்ஃப் அடிக்காதீர்கள். காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறந்து, தண்ணீர் இருந்தால் பிளக்கைக் கழற்றாமல் இன்ஜினைச் சுற்றவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பெட்டி காய்ந்திருந்தால் பிளக் கேப்பையும் தெரிந்த கப்ளர்களையும் கழற்றி, துடைத்து, காயவைத்து மாட்டினால் போதும். கடலோரச் சாலையில் தேங்கிய நீரில் உப்பும் கலந்திருக்கும் என்பதால், அன்றே நல்ல தண்ணீரில் மென்மையாகக் கழுவுங்கள். அழுத்த நீரைக் கப்ளர்கள் மேல் அடிக்க வேண்டாம்.

"மீட்டர்ல மஞ்சளா இன்ஜின் படம் எரியுது. ஸ்கேனர்ல ஆக்சிஜன் சென்சார்னு வந்துச்சு. மாத்திட்டேன், திரும்பவும் எரியுது."

கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் சொல்வது எந்தச் சென்சாரின் அளவு கணக்குக்கு ஒத்து வரவில்லை என்பதை மட்டுமே. சைலன்சரில் மிச்ச ஆக்சிஜன் அதிகம் என்று அந்தச் சென்சார் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐடில் கேள்வியில் சொன்ன ரப்பர் வெடிப்பு, பலவீனமான பம்ப், இன்ஜினோடு சைலன்சர் சேரும் இடத்தில் துருவால் விழுந்த ஓட்டை ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அதே குறியீடு வரும். நம் பகுதியில் மூன்றாவதுதான் அதிகம். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு அந்த இணைப்பைச் சுற்றிப் பாருங்கள். கரிய புகைத்தடம் காட்டிக்கொடுக்கும்.

"மீன் பெட்டி வைக்கக் கேரியர் வெல்டிங் பண்ணணும். எஃப்ஐ வண்டியில பண்ணலாமா?"

பண்ணலாம். பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஈசியூ கப்ளரையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை வெல்டு வைக்கும் இடத்துக்கு மிக அருகில் பிடித்துச் செய்ய வேண்டும். பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் சீட்டுக்கு அடியில் இறங்காமல் ஒரு குழாய் வைத்துப் பின்னால் விடுங்கள்.

"பழைய வண்டி வாங்கப் போறேன். என்ன பார்க்கணும்?"

சொல்லாமல் காலையில் போய், இன்ஜினைக் கையால் தொட்டுப் பாருங்கள்; வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். சாவி போட்டதும் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதை யாரோ மறைத்திருக்கலாம். சீட்டைக் கழற்றி ஒரு கப்ளரைப் பிரித்துப் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கச் சட்டத்தில் கேரியர் அறுத்த வெல்டிங் தழும்பு இருந்தால், மீன் பெட்டியின் ஐஸ் தண்ணீர் சீட்டுக்கு அடியில் இறங்கியிருக்கலாம் என்பதால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

"ஈசியூ போயிருச்சுன்னு சொல்றாங்க. பல ஆயிரம் ஆகுமாம். மாத்தணுமா?"

ஈசியூ அவ்வளவு எளிதில் சாவதில்லை. தொண்டியிலிருந்து குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வண்டிக்கும் வேறோர் இடத்தில் இதே தீர்ப்பைச் சொல்லியிருந்தார்கள். சாவி போட்டால் மஞ்சள் விளக்கும் இல்லை, பம்ப் சத்தமும் இல்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது; ஈசியூவுக்கு 12.5 வோல்ட் வந்தது, எர்த்தும் சரி. ஆனால் சென்சார்களுக்கு ஈசியூ கொடுக்க வேண்டிய 5 வோல்ட் வரவில்லை. பல சென்சார்கள் அந்த ஒரே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றில் ஷார்ட் ஆனாலும் ஈசியூ மொத்தமாகப் படுத்துவிடும். ஒவ்வொரு சென்சாரின் கப்ளராகக் கழற்றிக்கொண்டே வந்தேன். ஆக்சிலேட்டர் நிலை சொல்லும் சென்சாரைக் கழற்றியதும் விளக்கு எரிந்தது, பம்ப் 'ஙொய்' என்றது. அந்தக் கப்ளருக்குள் இரண்டு பின்களுக்கு இடையே பச்சைக் களிம்பு பாலம் கட்டியிருந்தது. கான்டாக்ட் கிளீனரும் பழைய பல்துலக்கியும்தான் செலவு.

இந்த வரிசையில் பார்த்த பின்னும் ஈசியூதான் என்று உறுதியானால், உங்கள் வண்டியின் அதே பாக எண்ணுள்ளதையே வாங்குங்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளே எழுதிய கணக்கு மாடலுக்கு மாடல் வேறு. புதியதைப் பொருத்தும் முன், வண்டி எப்படியாவது ஓடும் நிலையில் இருந்தால் சார்ஜிங் வோல்டேஜை அளந்துவிடுங்கள். 15க்கு மேல் போனால் முதலில், சார்ஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரை மாற்ற வேண்டும். வண்டி ஓடவே இல்லையென்றால், புதிய ஈசியூ பொருத்தி ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்திலேயே அந்த அளவைப் பார்த்து, கூடுதலாக இருந்தால் உடனே சாவியை அணையுங்கள்.